டயாலிசிஸ் பதிவேட்டை நான் அழித்த ஞாயிறு

வாரத்தில் ஆறு நாள் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போய்வருகிறவள் ஏழாம் நாளும் அதே பஸ்ஸில் ஏறினால் முகம் சுண்டித்தான் இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உற்சாகமாக ஏறினேன். பையில் தயிர்சாத டப்பா, ஒரு பென் டிரைவ், இரண்டு பக்கத்துக்கு எழுதிவைத்த குறிப்பு. சந்திரகிரி தாண்டும்வரை அந்தக் குறிப்பைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். மதியம் சாப்பிடுவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு.

திருப்பதியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் சென்டரில் எனக்கு வேலை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின்கள் ஒன்பது அங்கே உண்டு. எட்டு ஹாலில், ஒன்று கடைசியில் கதவு போட்ட தனி அறையில். இரத்தத்தின் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்கு அந்தத் தனி மிஷின். மற்றவர்கள் அதில் படுக்கக் கூடாது, அவர்கள் மற்ற மிஷினில் படுக்கக் கூடாது.

டேட்டா என்ட்ரிக்கு என்று சேர்ந்தவள் நான். நோட்டுகள் கிழிந்து தொங்குவதைப் பார்த்து, நானே கற்றுக்கொண்டு ஒரு சின்ன வெப் ஆப் எழுதினேன். ஆபீஸ் அறையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் அது ஓடும். நர்ஸுகளின் டேப்லெட்டில் சென்டரின் வைஃபை வழியாகத் திறக்கும். யாருக்கு எந்த மிஷின், வந்தபோது எடை எவ்வளவு, போகும்போது எவ்வளவு, எவ்வளவு நீர் எடுத்தோம், மருந்து எவ்வளவு, இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, எல்லாம் அதில்தான். கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு ஏறினால் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழும். ஆப் தானாகவே அவரைத் தனி மிஷினுக்கு மாற்றிவிடும். அதை எழுதிய அன்று எனக்கு ரொம்பப் பெருமை.

மிஷின்களுக்குப் பொறுப்பான டெக்னீஷியன் நான் பிறந்த ஊரான நகரிக்காரர், இப்போது திருப்பதியிலேயே குடியிருக்கிறார், ஐம்பது வயது. இருபது வருடமாக நீள நோட்டில் எழுதிவந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் நான்தான் அவரிடம் போய், "ஒரே வேலைய எதுக்குண்ணா ரெண்டுவாட்டி செய்றீங்க" என்று சொல்லி நோட்டை நிறுத்தவைத்தேன். அவர் மறுக்கவில்லை. நீ சொன்னால் சரி என்றார்.

சித்தூரில் இன்னொரு சென்டர் திறக்கப்போவதாக டிரஸ்டில் சொன்னார்கள். அங்கேயும் இதே ஆப் வேண்டும். அதற்காகத்தான் கன்டெய்னர் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுவது அது. பெட்டியைக் கொண்டுபோய் எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் ஓடும். ஆப்பை ஒரு பெட்டியிலும் விவரங்கள் சேர்ந்திருக்கும் அதன் டேட்டாபேஸை இன்னொரு பெட்டியிலும் வைத்துவிட்டால், சித்தூர் வேலை அரை நாளில் முடிந்துவிடும். யாரும் என்னை இதைச் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன், அன்று சென்டருக்கு விடுமுறை என்பதால்.

ஒன்பது மணிக்கு வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்தேன். டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்து பென் டிரைவில் போட்டேன். பழைய டேட்டாபேஸை நிறுத்தினாலே போதும். ஆனால் அதுவும் புதியதும் கம்ப்யூட்டருக்குள் ஒரே வாசலுக்கு, ஒரே போர்ட்டுக்கு, அடித்துக்கொள்ளும் என்று படித்திருந்ததால், தொல்லையே வேண்டாம் என்று கம்ப்யூட்டரிலிருந்து அதைக் கழற்றியே விட்டேன். பெட்டியில் புதிய டேட்டாபேஸ் எழுந்தது. நகலை அதில் ஏற்றினேன். திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. ஓடி நின்றதும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். கடைசி வரியைப் படிக்கவில்லை.

திரும்பிவந்து ஆப்பைத் திறந்தால் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று வந்தது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, என் கண்ணுக்கு முன்னால். இரண்டு மணிநேரம் போனது அதிலேயே. கடைசியில்தான் புரிந்தது: டேட்டாபேஸ் இதே கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று ஆப்பில் எழுதிவைத்திருந்தேன். இப்போது ஆப் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. இதே கம்ப்யூட்டர் என்றால் அதற்குத் தன் பெட்டிதான். அடுத்த பெட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மாற்றினேன். இணைந்தது, ஆனால் பாஸ்வேர்ட் தப்பு என்றது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டேன். அதே பதில். முதல்முறை எழும்போது கொடுத்த பாஸ்வேர்டை டேட்டாபேஸ் தன் சேமிப்பில் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு கோப்பில் எதை மாற்றினாலும் கேட்காது என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். சேமிப்பையே அழித்துவிட்டு மறுபடி எழுப்பு என்று ஒரு வரி கட்டளையும் கொடுத்திருந்தார். அடித்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நகல்தான் இருக்கிறதே.

மறுபடி ஏற்றினேன். ஆப் திறந்தது. நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அந்த நேரம் பார்த்து டெக்னீஷியன் அண்ணன் போன் செய்தார்.

"என்னாம்மா, ஆச்சா? நாளைக்கிக் காலைல ஏழு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க."

"ஆயிடுச்சிண்ணா. எல்லாம் நல்லா ஓடிக்கினு இருக்குது."

போனை வைத்துவிட்டு ஒரு பெயரைத் தொட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. எடை இல்லை, மருந்து இல்லை, பரிசோதனை இல்லை. இன்னொரு பெயர். அதுவும் காலி. பத்துப் பெயர் பார்த்தேன். நகல் கோப்பைத் திறந்து அடிமட்டத்துக்குப் போனேன். ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. ஒரு எண்ணின் நடுவே, கமாகூட இல்லாமல்.

பென் டிரைவ் நிறைந்துபோயிருந்தது. என் மகளின் பள்ளி ஆண்டுவிழா நடனம் அதில் நான்கு வீடியோவாக இருந்தது. அட்டவணைகள் ஆங்கில எழுத்து வரிசையில் எழுதப்படுவதால் நோயாளிகளின் பெயரும் போன் நம்பரும் முன்னால் வந்து தப்பித்துவிட்டன. சிகிச்சை விவரமும் பரிசோதனைகளும் பின்னால் வருபவை. அவற்றுக்கு இடமில்லை.

தினமும் தானாக நகல் எடுக்க ஒரு ஏற்பாடு செய்துவைத்தது ஞாபகம் வந்தது. அந்த ஃபோல்டரைத் திறந்தேன். கடைசிக் கோப்பு எட்டு மாதம் பழையது. அப்போது பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். அந்த ஏற்பாட்டில் மாற்ற மறந்திருக்கிறேன். எட்டு மாதமாகத் தினமும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை. அண்ணனின் நோட்டு நின்ற அதே எட்டு மாதம்.

அதற்கு மேல்தான் சனிக்கிழமை சாயங்காலம் நினைவுக்கு வந்தது. டாக்டரம்மா கிளம்பும்போது ஆபீஸ் வாசலில் நின்று சொன்னார். "திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்திருக்கு. சிஸ்டம்ல போட்டுட்டேன். திங்கட்கிழமை நானே நேர்ல உக்காரவெச்சி சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பேச வேணாம்." யார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சிஸ்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்.

முதல் ஷிஃப்டில் எட்டுப் பேர். எட்டுப் பேரில் ஒருவர். அவர் யார் என்று இப்போது இந்தக் கட்டடத்தில் எங்கேயும் எழுதியில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். மாமியாரை தரிசனத்துக்கு அழைத்துப்போவதாக அவர் சொல்லியிருந்தார். திருமலையில் க்யூவுக்குள் போகுமுன் போனைக் கொடுத்துவிட வேண்டும். வெளியே வர எட்டு மணிநேரமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். ரிப்போர்ட் அவர் போனுக்கு நேராக வந்தது. லேபுக்கு அடித்தேன், ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வேலையை விட்டுவிட்டு இப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணனுக்கே போன் செய்தேன்.

"அண்ணா, நான் பொய் சொல்லிட்டேன். எல்லாம் போயிடுச்சிண்ணா."

"ஏமைந்தி?" அதிர்ந்தால் அவருக்குத் தெலுங்குதான் முதலில் வரும். பிறகு, "என்ன ஆச்சி? எது போச்சி? நிதானமா சொல்லு."

சொன்னேன். எதிர்முனையில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"வந்துக்கினு இருக்கிறேன்," என்றார்.

கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். சட்டையின் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "பேரும் நம்பரும் இருக்குதில்ல? எட்டுப் பேருக்கும் போன் போடு. அவங்கவங்க எடை அவங்கவங்களுக்குத் தெரியும்," என்றார்.

"அந்தப் பாசிட்டிவ்?"

அண்ணன் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். "யாருன்னு தெரியாம ஹால் மிஷின்ல ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்ம்மா. ஏத்தக் கூடாது. ஆனா சனி, ஞாயிறு ரெண்டு நாள் நீர் சேர்ந்துக்கினு வர்றாங்க. லேட் பண்ணவும் முடியாது."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடைசியாகப் போகும்போது எடை எவ்வளவு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு, பழைய பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அவர்கள் சொல்லச் சொல்ல அண்ணன் தலையாட்டுவார், சில எண்களைத் திருத்துவார். மூன்றாவதாக, நகரியில் இருக்கும் ரிட்டையர்டு டீச்சரம்மா. எடையைச் சொல்லிவிட்டு, "படுக்க முடியலம்மா, ஒக்காந்துக்கினே இருக்கிறேன். மூச்சு இழுக்குது. நாளைக்கிக் காலைல என்னைத்தான் மொதல்ல ஏத்தணும், அவருகிட்ட சொல்லிடு," என்றார். அண்ணனுக்கு அது கேட்டது. போனை வாங்கி, "ஏத்திடலாம் டீச்சர், தண்ணி மட்டும் குடிக்காத இருங்க," என்றார். போனை என்னிடம் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாவதாகக் கூப்பிட்டவர் வரதய்யபாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர். திருத்தணிப் பக்கத்துக்காரர், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. சின்ன வயதில் நோய் வந்தவர்கள் பெரும்பாலும் யாரிடமும் பேச மாட்டார்கள். இவர் வந்தால் ஹாலே சத்தமாக இருக்கும்.

"ஐம்பத்தேழரைக்கா," என்றார் உடனே. "என்னாக்கா, ஞாயித்துக்கெழமை போன்? கம்ப்யூட்டரு மக்கர் பண்ணுதா?"

"ஆமாம்பா. நான்தான் கெடுத்துட்டேன்."

"அழுவுற மாதிரி பேசுறீங்களே. கம்பெனில நான் ஒருவாட்டி ஒரு லைனையே நிறுத்திட்டேங்கா. அரை நாள். வேலையே பூடும்னு நெனச்சேன். பூடல. அப்போ எங்க சூப்பர்வைசரு இன்னா சொன்னாருன்னா, போயி மொதல்ல துன்னுட்டு வாடான்னாரு. துன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"துன்னுட்டு ஒக்காருங்க. ஆவும்."

போனை வைத்தபிறகுதான் மணி மூன்று என்று பார்த்தேன். மீதி இரண்டு பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தை அண்ணனுக்கும் பாதி வைத்தேன். புளித்திருந்தது. இரண்டு பேரும் அப்படியே தின்றோம்.

சாப்பிட்டுவிட்டு, காலையிலிருந்து நான் என்னென்ன செய்தேன் என்று ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. டிரஸ்டில் கேட்பார்கள், மழுப்பக் கூடாது. திரையை மேலே தள்ளி, காலையில் அடித்த கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினேன். பழைய டேட்டாபேஸைக் கழற்றிய வரிக்கு வந்ததும் கை நின்றது. அதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, சுத்தமாகத் துடைத்துவிடும். இன்னொன்று மென்பொருளை மட்டும் எடுத்துவிட்டு, அது எழுதிய கோப்புகளை அப்படியே விட்டுவிடும். நான் அடித்திருந்தது இரண்டாவது. தெரிந்து அடிக்கவில்லை. அதுதான் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஃபோல்டரைத் தேடிப் போனேன். இருந்தது. நிறைய கோப்புகள், வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு. நேற்றைய தேதி.

"அண்ணா," என்றேன். விரலால் அந்தத் தேதியைக் காட்டினேன்.

"கெடைச்சிதா?"

"தெரியல. இருக்கற மாதிரி இருக்குது."

இந்த முறை எதையும் தொடுமுன் ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்தில் நகலெடுத்தேன். இடம் போதுமா என்று பார்த்தேன். நகல் முழுதாக வந்ததா என்று அளவை ஒப்பிட்டேன். மறுபடியும் ஒப்பிட்டேன். பிறகு அந்த நகலைப் புதிய பெட்டியிடம் கொடுத்தேன். இது பழைய பதிப்பு எழுதிய கோப்பு, என்னால் படிக்க முடியாது என்று சொல்லிவிட்டு அது நின்றுவிட்டது. அண்ணன் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். ஹாலுக்குப் போய், ஒன்றுமில்லாமல் ஒரு மிஷினைத் துடைத்துவிட்டு வந்தார்.

அப்புறம்தான் எனக்கு எளிய வழி தெரிந்தது. பெட்டியே வேண்டாம். பழைய டேட்டாபேஸையே, அதே பதிப்பை, அதே இடத்தில் மறுபடி போட்டால்? சென்டர் இன்டர்நெட் அன்று இழுத்து இழுத்து வந்தது. அண்ணனின் போனை ஜன்னலோரம் வைத்து அதிலிருந்து டவுன்லோடு செய்தோம். நூற்றுக்கு நாற்பது, நாற்பத்தொன்று என்று அது நகர்வதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான்: அந்தப் பெயர் தெரிந்தால் போதும். மற்றது போனாலும் போகட்டும், எட்டுப் பேரில் யார் என்று மட்டும் காட்டிவிடு.

ஏறி முடிந்ததும் அது தன் பழைய ஃபோல்டரைத் தானே கண்டுபிடித்து எழுந்துகொண்டது. ஆப்பை அதோடு சேர்த்தேன். திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் பட்டியலைத் திறந்தேன். எட்டுப் பெயர்களுக்கும் பக்கத்தில் எண்கள் வந்து நிறைந்தன. தனி மிஷினுக்கு நேராக, சிவப்புக் குறியோடு, வரதய்யபாளையத்துக்காரரின் பெயர்.

ஐம்பத்தேழரை. எடையும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

அண்ணன் குனிந்து படித்தார். "அய்யோ," என்றார் மெல்ல. நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. இவ்வளவு நேரம் எந்தப் பெயர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது. மறுபடி காணாமல் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

புதுப் பென் டிரைவ் ஒன்றைக் கடையில் வாங்கிவந்து முழு நகல் எடுத்து, கடைசி வரி வரைக்கும் படித்துப்பார்த்துவிட்டுக் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சித்தூர் பஸ்ஸில் வரும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். "அப்போ பேர் உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடுச்சி. நாளைக்கி நான் பேசற வரைக்கும் அவர்கிட்ட மூஞ்சியில காட்டிக்காதீங்க," என்றார்.

மூஞ்சியில் காட்டாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை வரதய்யபாளையத்துக்காரர் வாசலில் நுழைந்ததும், "இன்னாக்கா, துன்னீங்களா, ஆச்சா?" என்று கேட்டார். ஆச்சுப்பா என்று சொல்லிவிட்டு ஏதோ தாளைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். டீச்சரம்மாவை அண்ணன் முதல் ஆளாக ஏற்றினார். டாக்டரம்மா வரதய்யபாளையத்துக்காரரைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது அவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அதுக்குத்தான் நேத்து போன் பண்ணீங்களா?"

"இல்லப்பா. அப்போ எனக்குத் தெரியாது."

"எடை கேக்கறதுக்கா ஞாயித்துக்கெழமை போன் பண்ணுவாங்க? எனக்கு மட்டுந்தான பண்ணீங்க?"

"எட்டுப் பேருக்கும் பண்ணேன். சத்தியமா தெரியாது."

அவர் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அழுகிற குரலில் நான் பேசியது, அவர் எனக்குத் தைரியம் சொன்னது, எல்லாவற்றையும் இப்போது வேறுமாதிரி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு ஹாலில் சத்தமே இல்லை. டீச்சரம்மா, "அந்தப் புள்ள வர்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிரஸ்டில் நான் எழுதிக்கொடுத்த விளக்கத்தை வாங்கிக்கொண்டார்கள். வேலை போகவில்லை. சித்தூர் சென்டரில் ஆப்பைப் போட்டபோது அண்ணனை இரண்டு நாள் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் போட்டேன். திருப்பதியில் ஓடுகிற பழையதை நிறுத்தவும் இல்லை, கழற்றவும் இல்லை.

வரதய்யபாளையத்துக்காரர் வாரம் மூன்று நாள் வந்துபோனார். என் மேஜையைத் தாண்டும்போது போனைப் பார்த்துக்கொண்டு தாண்டுவார். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் சிகிச்சை முடிந்து, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ரிசல்ட்டு எப்போ ஏத்தினாங்கன்னு அதுல இருக்குமா?"

இருக்கும் என்றேன். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். சனிக்கிழமை, சாயங்காலம் நாலு பத்து.

"அப்போ ஞாயித்துக்கெழமை நீங்க போன் பண்ணப்போ இது இதுக்குள்ள இருந்துச்சி."

"இல்ல. அப்போ நான் அதை அழிச்சி வெச்சிருந்தேன். யாரோ ஒருத்தருக்குன்னு மட்டும் தெரியும். யாருக்குன்னு தெரியல. எட்டுப் பேருல யாருன்னு தெரியாமத்தான் அழுதுக்கினு இருந்தேன்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சை எடுத்து இரத்தம் நின்றதா என்று பார்த்தார், மறுபடி அழுத்திக்கொண்டார்.

"மத்த ஏழு பேருகிட்டயும் இதே மாதிரிதான் பேசினீங்களா?"

"இதே மாதிரிதான்."

"துன்னுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லப்பா. நீ மட்டுந்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டார். பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போனார்.